ஓதம்: ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வாரம் ஒரு புதுச்சொல் கற்று, அதை வைத்து ஒரு வாக்கியம் எழுதிப் பார்க்கிறேன். இந்த வாரம் 'ஓதம்'. அகராதியில் 'அலை' என்று இருந்தது. "அவன் ஊருக்குப் போனதும் அவள் மனதில் ஓதம் எழுந்தது" என்று எழுதினேன். மாமனார் படித்துவிட்டுச் சிரித்தார், காரணம் சொல்லவில்லை. என்ன தவறு?

வாசகி, கடலூர்

வணக்கம்.

இலக்கணத்தில் தவறில்லை. பெரியவர்கள் பலருக்கு ஓதம் என்றதும் நினைவுக்கு வருவது ஆண்களுக்கு வரும் விரைவீக்கம். மருமகளிடம் அதைச் சொல்லக் கூச்சப்பட்டிருப்பார்.

1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனில் இந்தச் சொல்லுக்கு ஈரம், அலை, வெள்ளம், கடல், அந்த நோய் எல்லாமே உண்டு. நீங்கள் ஒன்றை மட்டும் எடுத்து, 'அலை' இருக்கவேண்டிய இடத்தில் வைத்துவிட்டீர்கள். ஒரு சொல் எந்த வினையோடு புழங்குகிறது என்பதையும் சேர்த்தே கற்கவேண்டும். அதற்கு, க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி போல எடுத்துக்காட்டு வாக்கியம் தரும் அகராதி உதவும். அதைவிட, அந்தச் சொல்லை அன்றாடம் சொல்கிறவர்களின் பேச்சு உதவும்.

கொத்தனார் ஒருவரிடம் பேசிப் பாருங்கள். "சுவத்துல ஓதம் ஏறிடுச்சு" என்பார். மண்ணின் ஈரத்தைச் செங்கல் உறிஞ்சி மேலே இழுக்கும். சில வீடுகளில் இடுப்புயரம்கூட ஏறும். நீர் காய்ந்ததும், அதில் கரைந்து வந்த உப்பு வெள்ளையாகப் பூக்கும். பூச்சு உப்பிக்கொண்டு, விரல் பட்டாலே பொலபொலவென்று உதிரும். மேலே எத்தனை முறை வெள்ளையடித்தாலும் அடுத்த மழைக்குத் திரும்ப வரும். இதைக் கண்ணால் பார்த்தபின், "அவன் போனபின், சுவரில் ஓதம் ஏறியதைக்கூட அவள் கவனிக்கவில்லை" என்று எழுதிப் பாருங்கள். நீங்கள் சொல்ல வந்த துயரம் அதில் முழுசாக இருக்கிறது.

பள்ளிப் பாடநூலிலோ, கடல்மட்டம் ஏறி இறங்குவதுதான் ஓதம்: உயர் ஓதம், தாழ் ஓதம். நீங்கள் கடலூர்க்காரர். அமாவாசையையோ பௌர்ணமியையோ ஒட்டி உப்பனாறு கடலில் சேரும் இடத்துக்குப் போய், ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு தடவை தண்ணீரைப் பாருங்கள். அடுத்த வாக்கியத்தை அங்கிருந்து எழுதி அனுப்புங்கள்.