நாக்கு நீளம், கை எங்கே?

கேள்வி: வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போது நிற்கக்கூடத் தெம்பு இருப்பதில்லை. என் கணவருக்கோ நாக்கு நீளம். நாளுக்கொரு புதுச் சுவை வேண்டும். நேற்றைய உணவு இன்றும் மேசைக்கு வந்தால் முகம் சுருங்கிவிடும். ஏழு வயது மகள் புதிதாக எதைக் கண்டாலும் தட்டைத் தள்ளிவிடுகிறாள். வெளியில் வாங்கிச் சாப்பிட எனக்கு விருப்பமில்லை. பத்தே நிமிடத்தில் செய்யக்கூடிய பத்துப் புதுமையான உணவுகளைச் சொல்லுங்களேன்.
– ஒரு வாசகி

பதில்: பத்து என்ன, இருபதுகூடச் சொல்லலாம். இருபத்தொன்றாம் நாள் மறுபடியும் எழுதுவீர்கள்.

முதலில் அந்தப் பத்து நிமிடக் கணக்கைத் தூக்கி ஓரமாக வையுங்கள். சமையல் குறிப்பு எழுதுகிறவர்கள் கடிகார விஷயத்தில் கூசாமல் பொய் சொல்லுவார்கள். பத்திரிகைக்காரர்களான நாங்களும் அதற்கு உடந்தை. 'வெங்காயம் நன்றாகப் பழுப்பாகும்வரை ஐந்து நிமிடம் வதக்கவும்' என்று அச்சிட்டுவிடுகிறோம். கருகாமல், இனிப்பேறி, ஆழ்ந்த பழுப்புக்கு வெங்காயம் வந்துசேர மிதமான தீயில் அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம் பிடிக்கும். நறுக்குகிற நேரமும் பாத்திரம் துலக்குகிற நேரமும் எங்கள் கணக்கில் வருவதே இல்லை.

ஆகவே, களைத்த நாளில் புதுக் குறிப்பு எதையும் திறக்காதீர்கள். சோறு, முட்டை, பாஸ்தா, வேகவைத்த உருளைக்கிழங்கு என்று கை தானாகச் செய்து பழகியதில் ஒன்று போதும். சோர்வு வந்தால் முதலில் படுத்துவிடுவது யோசனைதான்; கைகால்கள் அதற்குப் பிறகுதான் படுக்கும்.

புதுச் சுவைக்கு என்ன செய்வது? அதை ஏற்கெனவே யாரோ மாதக்கணக்கில் காத்திருந்து செய்து, பாட்டிலிலோ டப்பாவிலோ அடைத்து வைத்திருக்கிறார்கள். ஜப்பானியரின் மிசோ, சோயாவை உப்போடும் கோஜி என்ற பூஞ்சையோடும் சேர்த்துப் புளிக்கவைத்த விழுது. சில வகைகள் ஆண்டுக்கணக்கில் ஊறுகின்றன. கொரியாவின் கோச்சுஜாங் காரமும் இனிப்பும் கலந்த விழுது. வட ஆப்பிரிக்காவின் ஹரிசா மிளகாய் விழுது. தஹினி என்பது எள் விழுது. 1908இல் கிகுனே இகேடா என்ற ஜப்பானிய வேதியியலாளர் கடற்பாசிச் சாற்றிலிருந்து குளூட்டமேட் என்ற சுவைப்பொருளைப் பிரித்தெடுத்து, அதன் சுவைக்கு 'உமாமி' என்று பெயர் வைத்தார். மணிக்கணக்கில் கொதித்த சூப்பில் கிடைக்கும் நிறைவு, ஒரு கரண்டி மிசோவை வெந்நீரில் கரைத்ததுமே கிடைக்கிறதே, அந்த வித்தைக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது இந்தக் குளூட்டமேட்தான்.

மிசோவை அடுப்பை அணைத்த பிறகு சேருங்கள். கொதித்தால் மணம் போய்விடும். உப்பு அதிலேயே நிறைய உண்டு, முன்கூட்டிப் போட்டுவிடாதீர்கள். கோச்சுஜாங்கை வெண்ணெயோடு குழைத்துச் சுடச்சுடப் பாஸ்தாவில் புரட்டலாம். ஹரிசா முட்டைக்கும் உருளைக்கிழங்குக்கும் பொருந்தும். தஹினியில் தண்ணீர் விட்டால் முதலில் இறுகித் திப்பித்திப்பியாகும். கெட்டுவிட்டதென்று கொட்டிவிடாதீர்கள், இன்னும் கொஞ்சம் விட்டுக் கலக்கினால் பாலாடைபோல் இளகி வரும். ஒரு நேரத்தில் ஒரு பாட்டில்தான். அது காலியாகாமல் அடுத்தது வாங்கக் கூடாது. இல்லாவிட்டால் குளிர்பெட்டியின் கதவு அருங்காட்சியகமாகிவிடும்.

மகளுக்கு வெறும் பாஸ்தா. விழுது தனிக் கிண்ணத்தில், அவள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். ஒரு புதிய உணவைக் குழந்தை ஏற்றுக்கொள்ளப் பத்துப் பதினைந்து தடவைகூட ஆகலாம். வற்புறுத்தினால் காரியம் கெடும். கண்டுகொள்ளாமல் சாப்பிடுங்கள்.

தெம்புள்ள நாளில் கூடுதலாகச் சமைத்து வைக்கத் தோன்றும். செய்யுங்கள், ஆனால் சோற்றை இரவு முழுவதும் அடுப்பு மேடையில் விட்டுவிடாதீர்கள். வேக வேகமாக ஆறவைத்து ஒரு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்குள் தள்ளிவிடுங்கள். அதில் வளரக்கூடிய பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா விடுகிற நச்சு, மறுபடி சுடவைத்தாலும் அழியாது. காய்ந்த சிவப்பு ராஜ்மாவை மெதுவாக வேகவைக்கும் மின்பாத்திரத்தில் நேரடியாகப் போட்டுவிட்டு வேலைக்குப் போவதும் ஆபத்து. ஊறவைத்த தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டால்தான் அதிலுள்ள நச்சு போகும். டின்னில் வருவது ஏற்கெனவே வெந்தது, பயமில்லை.

இனி, நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் கடிதத்தில் கணவருக்கு நாக்கு இருக்கிறது, முகம் இருக்கிறது. கை இருப்பதாகத் தகவல் இல்லை. புதுச் சுவை தேடுகிற ஆசை அவருடையது, அதைத் தீர்த்துவைக்கிற களைப்பு மட்டும் உங்களுடையதா? வாரத்தில் இரண்டு இரவு அடுப்பை அவரிடம் விடுங்கள். எந்த பாட்டில் என்பதை அவரே முடிவுசெய்து வாங்கி வரட்டும். முதல் நாள் ஹரிசாவில் பாதியைக் கவிழ்த்துவிட்டு, கண்ணில் நீர் வழிய 'நன்றாகத்தான் இருக்கிறது' என்பார். எழுந்துபோய்ச் சரிசெய்யாதீர்கள். உங்களுக்கும் மகளுக்கும் இரண்டு முட்டை போதும். மிச்சத்தைப் பத்திரமாக எடுத்துவைத்து, மறுநாள் அவருக்கே பரிமாறுங்கள். நேற்றைய உணவு இன்றும் மேசைக்கு வந்தபோது அவர் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.