வைரஸ் புரதமும் புற்றுநோயும் – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு வணக்கம்.

என் தங்கை மகனுக்குக் கழுத்தில் நெறி கட்டி மாதக்கணக்கில் கரையவில்லை. சதை எடுத்துப் பரிசோதித்ததில் ஹாட்ஜ்கின் லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றுநோய் என்றும், ‘எல்.எம்.பி.1 பாசிட்டிவ்’ என்றும் அறிக்கை வந்தது. அது ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸ் ஒன்றின் புரதம் என்று கேள்விப்பட்டதும், அக்கியைப் போல ஒட்டிக்கொள்ளும் என்று அவனுடைய தட்டையும் டம்ளரையும் தனியே வைத்துவிட்டார்கள். ஒரு வைரஸ் புரதம் எப்படிப் புற்றுநோயைக் கொண்டுவரும்? அப்படியென்றால் ஹெர்பிஸ் மாத்திரையை ஏன் தருவதில்லை?

வாசகர், குடியாத்தம்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்தத் தட்டைப் பழைய இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். அவனுடைய புற்றுநோய் வீட்டில் எவருக்கும் தொற்றாது. எல்.எம்.பி.1 புரதத்துக்குச் சொந்தமான எப்ஸ்டீன்-பார் வைரஸ் எச்சில் வழியே பரவுவதுதான் என்றாலும், உலகில் வளர்ந்தவர்களில் 90 சதவீதத்துக்கும் மேலானோர் அதை ஏற்கெனவே உடலில் சுமக்கிறார்கள். சிகிச்சைக் காலத்தில் பிறரிடமிருந்து அவனுக்குத் தொற்று வராமல் காப்பதுதான் உங்கள் கவலையாக இருக்க வேண்டும். இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் 1986-இல் நம் வேலூர் ஆய்வகத்தில்தான் கண்டறியப்பட்டன. அதன்பின் இப்பகுதியில் எத்தனை பேருடைய தட்டுகள் இப்படித் தனியாயின என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை.

இனி எல்.எம்.பி.1. நம் இரத்தத்திலுள்ள, எதிர்ப்புப் பொருளை உருவாக்கும் பி செல்லின் சவ்வில் சிடி40 என்றோர் ஏற்பி உண்டு. மற்றொரு நோயெதிர்ப்புச் செல்லான டி செல் வந்து தொட்டால்தான் அது ‘பிழைத்திரு, பெருகு’ என்ற செய்தியை உள்ளே அனுப்பும். எல்.எம்.பி.1 அதே வேலையைச் செய்யும் வைரஸ் புரதம். ஆனால் அதை எவரும் தொட வேண்டியதில்லை. சவ்வில் தானாகவே கூட்டுச்சேர்ந்து, யாரும் அழுத்தாமல் ஓயாது ஒலிக்கும் அழைப்பு மணியைப் போல, அந்தச் செய்தியைக் கொண்டுசெல்லும் என்.எஃப்-கப்பா-பி என்னும் பாதையை எந்நேரமும் இயக்கிக்கொண்டிருக்கிறது. இந்நோயில் காணப்படும் ரீட்-ஸ்டெர்ன்பெர்க் செல்கள், எதிர்ப்புப் பொருளை உருவாக்கும் திறனை இழந்த பி செல்களே. உடலின் ஒழுங்குப்படி அவை மடிந்திருக்க வேண்டும். அவற்றை மடியவிடாமல் தாங்குவதில் எல்.எம்.பி.1-க்கும், பி செல்லின் மற்றோர் ஏற்பியைப் போல நடிக்கும் இன்னொரு வைரஸ் புரதமான எல்.எம்.பி.2ஏ-க்கும் பெரும் பங்குண்டு.

பி செல்லில் ஆயுள் முழுதும் ஒளிந்திருப்பதற்காகவே வைரஸ் இப்புரதங்களை வைத்திருக்கிறது. புற்றுநோயால் அதற்கு ஒரு பயனும் இல்லை. செல்லின் சொந்த மரபணுக்களிலும் பழுதுகள் சேர்ந்த மிகச் சிலரிடம்தான் அது நோயாகிறது. அதே ஹெர்பிஸ் குடும்பத்தில், 1994-இல் கண்டறியப்பட்ட, கபோசி சர்கோமா என்னும் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸின் லானா என்ற புரதம், பி53 போன்ற காவல் புரதங்களையே முடக்குகிறது. அக்கி வைரஸும் இக்குடும்பம்தான். ஆனால் அது புற்றுநோய் உண்டாக்கும் வைரஸாக அறியப்பட்டதல்ல.

மாத்திரை பற்றிய உங்கள் கேள்வி மிகச் சரியானது. ஹெர்பிஸ் மாத்திரையான அசைக்ளோவிர், வைரஸ் தன் சொந்த நொதிகளைக் கொண்டு பெருகும்போதுதான் வேலை செய்யும். கட்டிக்குள் அது பெரும்பாலும் உறங்குகிறது, அதன் டி.என்.ஏ.வைச் செல்லே தன் கருவிகளால் நகலெடுத்துக்கொள்வதால், மாத்திரைக்குப் பிடி கிடைப்பதில்லை. ஆகவேதான் மருத்துவர்கள் வைரஸை விட்டுவிட்டு, அந்தச் செல்களையே கீமோதெரபியால் அழிக்கிறார்கள். சிறுவர்களிடம் இந்நோய் பெரும்பாலும் குணமாகக்கூடியது. ஆதலால் ஒரு தவணையும் தவறாமல் அவனைச் சிகிச்சைக்கு அழைத்துச் செல்லுங்கள்.