சைவத்துக்கு மாறுவதா, வேண்டாமா: காவிரிப் படுகையிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

புரட்டாசி முடிந்ததும் சிலர் கறிக்கடைக்குத் திரும்புகிறார்கள். சிலர் இப்படியே இருந்துவிட்டால் என்ன என்று யோசிக்கிறார்கள். அப்படி யோசிக்கும் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டத்து வாசகர்கள் கேட்டவற்றுக்கு, உணவு ஆலோசகராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற அம்மையார் ஒருவர் அளித்த பதில்கள் இவை.

கேள்வி (கும்பகோணம், மளிகைக் கடை வைத்திருப்பவர்): அம்மா, புரட்டாசி முழுவதும் நான் கறி, மீன் தொடவில்லை. அப்படியே சைவத்துக்கு மாறிவிடலாம் என்று நினைத்திருந்தேன். ஆனால் மாதக் கடைசியில் பரிசோதித்தபோது சர்க்கரை கூடியிருக்கிறது என்றார் மருத்துவர். சைவம் நல்லது என்கிறார்களே, எனக்கு மட்டும் ஏன் இப்படி?

பதில்: உங்களுக்கு மட்டும் இல்லை, நம் பகுதியில் பலருக்கும் இப்படித்தான் ஆகிறது. இலையிலிருந்து இரண்டு துண்டு மீன் போனபோது அந்த இடத்துக்கு எது வந்தது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். இந்தக் கேள்வியை நான் பலரிடம் கேட்டிருக்கிறேன். கூடுதலாக ஒரு கரண்டி சோறு, தண்ணீராக ஓடும் சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல், இரண்டு அப்பளம், சாயங்காலம் கடையில் வாங்கிய போண்டா என்றுதான் பதில் வரும். மீனில் மாவுச்சத்து கிடையாது. அதிலுள்ள புரதம் வயிறு நிறைந்த உணர்வைத் தந்து, நீங்கள் அறியாமலேயே சோற்றின் அளவைக் கட்டுக்குள் வைத்திருந்தது. அதை எடுத்துவிட்டுச் சோற்றையும் கிழங்கையும் எண்ணெய்ப் பலகாரத்தையும் கூட்டினால் சர்க்கரை ஏறாமல் என்ன செய்யும்?

ஆகவே, மாறுவதா வேண்டாமா என்று யோசிப்பதற்கு முன்னால், மீன் இருந்த இடத்தில் எதை வைக்கப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள். அங்கே சோறுதான் வரும் என்றால், மாற வேண்டாம் என்றே சொல்வேன். வாரத்தில் இரண்டு நாள் மத்தி மீன் குழம்பு வைத்துக்கொண்டு சோற்றைக் குறைப்பது உங்கள் உடம்புக்கு அதைவிட நல்லது. மாறியே தீருவது என்று மனம் சொன்னால், தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு கெட்டிப் பருப்போ சுண்டலோ பயறோ, மீதிப் பாதி முழுவதும் காயும் கீரையும் என்று வையுங்கள். உருளைக்கிழங்கையும் சேப்பங்கிழங்கையும் காய்க் கணக்கில் சேர்க்காதீர்கள். அவை சோற்றுக் கணக்கு. சோற்றை ஒரேயடியாகக் குறைக்கும்போது, சர்க்கரை மாத்திரையின் அளவு மாறாமல் இருந்தால் திடீரென்று மயக்கம், நடுக்கம் வரக்கூடும் என்பதால், முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி (மன்னார்குடி, விவசாயி): வயல் வேலை செய்கிற உடம்பு எனக்கு. கறி இல்லாமல் பருப்பை மட்டும் நம்பினால் தெம்பு இருக்குமா?

பதில்: இருக்கும், ஆனால் பருப்பு என்று நாம் சொல்லிக்கொள்ளும் அளவு போதாது. ஒருவருடைய உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 0.83 கிராம் புரதம் அன்றாடம் தேவை என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வகுத்த அளவு. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 50 கிராம். வேகவைக்காத துவரம்பருப்பு 100 கிராமில் சுமார் 22 கிராம் புரதம் உண்டு என்றாலும், நான்கு பேருக்கு ஒரு கைப்பிடி பருப்பைப் போட்டுக் கரைத்த சாம்பாரில் ஆளுக்கு இரண்டு மூன்று கிராம் வந்தாலே அதிகம். நிலக்கடலை, கொண்டைக்கடலை, தட்டைப்பயறு என்கிற காராமணி, மொச்சை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தினமும் ஒரு கிண்ணம் இருக்க வேண்டும். அத்துடன் தயிரும் சேர்ந்தால் கணக்குச் சரியாகிவிடும்.

இதில் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, அதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால், மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது நெற்பயிருக்குள்ளேயே உளுந்தையும் பச்சைப்பயறையும் விதைத்துவிட்டு, நெல் அறுத்த பிறகு எஞ்சிய ஈரத்திலும் பனியிலும் அவற்றை வளர்த்தெடுக்கிற வழக்கம் இந்தப் படுகையில் உண்டு. அப்படி விளைந்ததை மூட்டை கட்டி மொத்தமாக வியாபாரிக்குக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு மட்டும் கடையில் அரைக் கிலோ வாங்குகிற குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். வீட்டுக்கென்று ஒரு மூட்டை நிறுத்தி வையுங்கள். புரதம் அமினோ அமிலங்களால் ஆனது. அவற்றில் ஒன்றான லைசின் அரிசிப் புரதத்தில் குறைவு. பயறில் அது நிறைய உண்டு. பயறில் குறைவான மெத்தியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலம் அரிசியில் உண்டு. உளுத்தங்கஞ்சியும், தோலோடு அரைத்த உளுந்துக் களியும், இட்லிக்குத் தொட்டுக்கொள்ளும் நம் ஊர்க் கடப்பாவில் கரையும் பாசிப்பருப்பும் இந்த இரண்டையும் ஒரே வேளையில் சேர்த்துத் தருபவை. கடப்பாவில் உருளைக்கிழங்கைக் குறைத்துப் பருப்பைக் கூட்டினால், கும்பகோணத்துக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள், உடம்பு கோபித்துக்கொள்ளாது.

கேள்வி (தஞ்சாவூர், கல்லூரி மாணவி): பி12 சத்து அசைவத்தில்தான் இருக்கிறது என்கிறார்கள். பழைய சோற்றில் அது உண்டு என்று ஒரு காணொளியில் பார்த்தேன். எதை நம்புவது, அம்மா?

பதில்: காணொளியை நம்ப வேண்டாம். பழைய சோறு வெயில் காலத்துக்கு இதமான உணவு. அதற்காக அதைப் பி12 தரும் உணவாகக் கொள்ள முடியாது. இட்லி, தோசை மாவுக்கும், சுருள்பாசிப் (ஸ்பைருலினா) பொடிக்கும் இதுவே பதில். செடி கொடிகள் பி12ஐ உண்டாக்குவதில்லை. பால், தயிர், முட்டை, மீன், கறி ஆகியவற்றிலிருந்தே அது நமக்குக் கிடைக்கிறது. நாளொன்றுக்குத் தேவைப்படுவது சுமார் 2 மைக்ரோகிராம்தான். அரை லிட்டர் பாலிலோ அதற்கு ஈடான தயிரிலோ ஏறத்தாழ அவ்வளவு இருக்கும். காலையில் ஒரு டிகிரி காபி, இரவில் ஒரு கரண்டி மோர் என்பவற்றை வைத்து அந்தக் கணக்கை எட்ட முடியாது.

கல்லீரல் இந்தச் சத்தைச் சில ஆண்டுகளுக்குச் சேமித்து வைத்திருப்பதால், மாறிய உடனே எதுவும் தெரியாது. ‘எனக்கு ஒன்றும் ஆகவில்லையே’ என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இந்தக் கையிருப்பில் ஓடிக்கொண்டிருப்பவர்கள். பின்னால் சோர்வு, வாய்ப்புண், பாதத்தில் ஊசி குத்துவதுபோன்ற மரமரப்பு, மறதி என்று மெல்லத் தலைகாட்டும். கவனிக்காமல் விட்டால் நரம்பு பழுதடையும். ஆண்டுக்கு ஒரு முறை இரத்தப் பரிசோதனை செய்துகொண்டு, குறைந்தால் மருத்துவர் சொல்கிறபடி மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் யாரேனும் சர்க்கரைக்காக மெட்ஃபார்மின் எடுத்துவந்தால் அவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அந்த மருந்தே பி12ஐக் குறைக்கக்கூடியது.

கேள்வி (மயிலாடுதுறை, நான்கு மாதக் கர்ப்பிணி): குழந்தை பிறக்கும்வரை சைவமாக இருப்பதாக வேண்டிக்கொண்டிருக்கிறேன். தவறில்லையே?

பதில்: தவறில்லை, ஆனால் இரும்புச்சத்தை இப்போது கூர்ந்து கவனிக்க வேண்டும். கறியிலும் ஈரலிலும் உள்ள இரும்பை உடல் எளிதாக ஏற்றுக்கொள்கிறது. கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பு அவ்வளவு எளிதாகச் சேர்வதில்லை. முருங்கைக்கீரைப் பொரியலோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொண்டால் அது கூடுதலாகச் சேரும். சாப்பிட்ட கையோடு காபியோ டீயோ குடித்தால் சேருவதும் தடைப்படும். இந்த ஊரில் சாப்பாட்டுக்குப் பின் காபி வேண்டாம் என்று சொல்வது எவ்வளவு பெரிய பாவம் என்று எனக்குத் தெரியும்; ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரைகளைத் தவறாமல் விழுங்குங்கள். வேண்டுதலைச் செவிலியரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

கேள்வி (ஒரத்தநாடு, இல்லத்தரசி): நான் சைவத்துக்கு மாறிவிட்டேன். வீட்டில் மற்றவர்கள் மாறவில்லை. ஞாயிற்றுக்கிழமை கறி சமைப்பதும் நான்தான். ஆடி மாதம் கருப்பசாமிக்குக் கிடா வெட்டுகிறோம்; நான் சாப்பிடாவிட்டால் குடும்பத்துக்கு ஆகாது என்கிறார் மாமியார்.

பதில்: எனக்கு வரும் கேள்விகளில் மிகவும் கடினமானது இதுதான், ஏனென்றால் இதில் சத்துக் கணக்கு ஒன்றுமே இல்லை. ஒருவர் எடுக்கும் முடிவுக்கு அடுப்படியில் யார் வேலை செய்கிறார்கள் என்பதை நாம் பேசுவதே கிடையாது. வீட்டில் ஆண் ஒருவர் சைவத்துக்கு மாறினால் மறுநாளே அவருக்கென்று தனிக் குழம்பு கொதிக்கிறது. பெண் மாறினால், கறியைக் கழுவி, மஞ்சள் தடவி, தாளித்து, உப்புப் பார்க்க மட்டும் வேறொருவரைக் கூப்பிட்டுவிட்டு, கடைசியில் ரசம் ஊற்றிச் சாப்பிடுகிறாள். நீங்கள் சமைக்கத்தான் வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைக் கறியைச் சாப்பிடுகிறவர்களே சமைக்கட்டும் என்று கேட்டுப் பாருங்கள். முதல் வாரம் முகம் சுளிப்பார்கள், பிறகு கணவரோ மகனோ கற்றுக்கொள்வார்கள். அதுவரை அந்த வேளைக்கு மொச்சைக்கொட்டையும் கத்திரிக்காயும் போட்ட புளிக்குழம்பு ஒன்றை உங்களுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். மொச்சையை முந்தின இரவே ஊறப்போட்டு, தோல் சுருங்காமல் உப்பி வந்த பிறகு வேகவைத்து, மீன் குழம்புக்கு அரைக்கும் அதே மசாலாவில் கொதிக்கவிட்டால், கறி சாப்பிடுகிறவர்களும் கரண்டியோடு அந்தச் சட்டிப் பக்கம் வருவார்கள்.

சாமி விஷயத்தில், உங்கள் மாமியாருக்கு அவர் வழிபடும் முறையிலிருந்தே பதில் சொல்லலாம். பல ஊர்க் கோயில்களில் ஐயனாருக்குச் சைவப் படையல்தான். பக்கத்தில் நிற்கும் கருப்பசாமிக்குக் கிடா வெட்டும்போது ஐயனார் சன்னதிக்குத் திரை போட்டுவிடுவார்கள். ஒரே வளாகத்தில் இரண்டு சாமிகளும் இப்படி முறை வைத்துக்கொண்டு இருக்கும்போது, ஒரே வீட்டில் இரண்டு விதமான இலை இருப்பதில் தெய்வக்குற்றம் எங்கிருந்து வரும்? பொங்கல் வையுங்கள், விளக்கேற்றுங்கள், வந்தவர்களுக்குப் பரிமாறுங்கள். உங்கள் இலையில் மட்டும் சர்க்கரைப் பொங்கல் இருக்கட்டும்.

கேள்வி (திருவாரூர், தமிழாசிரியர்): தமிழரின் பழைய உணவு சைவம்தான் என்று ஒரு சாராரும், அசைவம்தான் என்று ஒரு சாராரும் வாதிடுகிறார்கள். முடிவெடுப்பதற்கு இது உதவுமா?

பதில்: உதவாது. கரிகாலனைப் பாடும் பொருநராற்றுப்படையில், அவன் கொடுத்த ஊனைப் பகலும் இரவும் தின்று, கொல்லை உழுத கலப்பைக் கொழுவைப் போலப் பல் மழுங்கியதாகப் பொருநன் சொல்கிறான். திருக்குறளில் புலால் மறுத்தல் என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. இரண்டும் நம்முடையவைதான். ‘நானா கொன்றேன், விலைக்குத்தானே வாங்கினேன்’ என்று சமாதானம் சொல்லிக்கொள்பவர்கள் மட்டும் 256ஆம் குறளைப் படித்துப் பார்க்கலாம். தின்பதற்காக உலகம் கொல்லாதிருந்தால் விலைக்கு ஊன் தருபவரும் இருக்க மாட்டார் என்று அந்தச் சமாதானத்துக்கு அது நேரடியாகவே பதில் சொல்கிறது.

கேள்வி (நாகப்பட்டினம், மீனவர் வீட்டுப் பெண்): அக்கா, வேலைக்காக வெளியூரில் வீடு தேடினேன். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும்தான் என்று மூன்று இடத்தில் சொல்லிவிட்டார்கள். மாறிவிட்டால் நல்லது என்று தோழிகள் சொல்கிறார்கள். மீன் எங்கள் வீட்டுச் சோறு.

பதில்: வீடு கிடைப்பதற்காக மாறாதீர்கள், தங்கச்சி. சாப்பாட்டைக் கேட்கிற பல வீட்டுக்காரர்கள் உண்மையில் கேட்பது சாதியை. நீங்கள் மீனை விட்டாலும் அடுத்த கேள்வி ஒன்று அவர்களிடம் தயாராக இருக்கும். உயிர்க்கொலை வேண்டாம் என்று உங்களுக்கே தோன்றினால் அது வேறு. அப்படித் தோன்றினால், விசைப்படகுகள் கடலுக்குப் போகாத ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் சைவமாக இருந்து பாருங்கள். வீட்டில் மீன் வரத்தே குறைந்திருப்பதால் யாருக்கும் சங்கடம் இராது. நெத்திலியை எலும்போடு மென்று தின்றதில் கிடைத்த கால்சியத்துக்குப் பதிலாகக் கேழ்வரகும் தயிரும் எள்ளும், மத்தி மீனில் கிடைத்த ஒமேகா-3 கொழுப்புக்குப் பதிலாக ஆளி விதைப் பொடியும் சேர்க்க வேண்டும். ஆளி விதையிலுள்ளது மீனிலுள்ளதற்கு முழு ஈடு ஆகாது என்பதையும் தெரிந்துகொண்டே முடிவெடுங்கள்.

கேள்வி (திருத்துறைப்பூண்டி, இளைஞர்): புவி வெப்பமாவதைக் குறைக்க சைவம் நல்லது என்று மாறினேன். ஆடு மாடுகள் வெளியிடும் அதே வாயுவை நெல் வயலும் வெளியிடுகிறது என்று நண்பன் கேலி செய்கிறான்.

பதில்: நண்பர் சொல்வது உண்மை. தண்ணீர் தேங்கிய வயலில் காற்றுப் புகாத சேற்றிலுள்ள நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்குகின்றன. ஆடு மாடுகள் அசைபோடும்போது ஏப்பமாக வெளிவருவதும் மீத்தேன்தான். ஆனாலும் கிலோவுக்குக் கிலோ பார்த்தால் ஆட்டுக்கறியும் மாட்டுக்கறியும் அரிசியைவிடப் பல மடங்கு அதிகமாக வெப்பமூட்டுகின்றன. பயறு வகைகள் மிகக் குறைவு. ஆட்டுக்கறியை விட்டுவிட்டுப் பனீரும் நெய்யுமாகச் சாப்பிட்டால் அந்தப் பலனில் பெரும்பகுதி போய்விடும், ஏனென்றால் அவையும் மாட்டிலிருந்துதான் வருகின்றன. சொந்த வயல் இருந்தால், காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது வயலைக் காயவிட்டுப் பிறகு பாய்ச்சித் தண்ணீர் கட்டுங்கள்; மீத்தேன் நன்றாகக் குறையும்.

கேள்வி (பாபநாசம், தந்தை): நாங்கள் இருவரும் மாறிவிட்டோம். பள்ளிச் சத்துணவில் பையனுக்கு முட்டை வேண்டாம், வாழைப்பழம் கொடுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிடலாமா?

பதில்: அவனைக் கேட்டுவிட்டு எழுதிக் கொடுங்கள். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் இருக்கிறது. வாழைப்பழத்தில் ஒரு கிராம்தான். அந்த வித்தியாசத்தை வீட்டில் சுண்டலாலும் பாலாலும் ஈடுசெய்ய முடியுமென்றால் சரி. முடியாதென்றால் முட்டை இருக்கட்டும்.

கேள்வி (திருபுவனம், நெசவாளர்): பாலும் பட்டும் உயிர்க்கொலையில் சேருமா?

பதில்: பட்டு சேரும், நூல் அறுபடாமல் எடுப்பதற்காகக் கூட்டைப் புழுவோடு வெந்நீரில் போடுகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. பாலில் நேரடியாகக் கொலை இல்லை, ஆனால் உழவுக்கு டிராக்டர் வந்துவிட்ட பிறகு காளைக் கன்றுகள் எங்கே போகின்றன என்று சந்தையில் விசாரித்தால் தெரியும். எதுவரைக்கும் போவது என்ற எல்லையை அவரவர் வகுத்துக்கொள்ளலாம். அதற்கு அப்பால் இருப்பதை இல்லை என்று சொல்லாமல் இருந்தால் போதும்.

கேள்வி (வேதாரண்யம், ஓய்வுபெற்றவர்): நான் சாப்பிடும் மருந்துக் கூடு (கேப்ஸ்யூல்) மாட்டு எலும்பிலிருந்து செய்தது என்று சொல்கிறார்கள். நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள் ஐயா. பெரும்பாலான கூடுகள் விலங்குகளின் எலும்பு, தோலிலிருந்து எடுக்கும் ஜெலட்டினால் ஆனவைதான். அடுத்த முறை போகும்போது உங்கள் முடிவை மருத்துவரிடம் சொல்லுங்கள். பல மருந்துகள் வில்லையாகவோ, திரவமாகவோ, தாவரப் பொருளால் செய்த கூட்டிலோ கிடைக்கின்றன. கூட்டைப் பிரித்து உள்ளே இருக்கும் பொடியை மட்டும் தண்ணீரில் கரைத்துக் குடிப்பதாகச் சிலர் சொல்கிறார்கள். வயிற்றைத் தாண்டிக் குடலில் கரைய வேண்டிய மருந்தாக இருந்தால் அது வேலை செய்யாமலே போய்விடும் என்பதால், அதை மட்டும் கேட்காமல் செய்ய வேண்டாம்.