திட்டம் எதுவும் இல்லாமல் சில நாள் தனியே தங்குவது எழுதுபவருக்குப் பயன் தருமா?

எழுத்து வறண்டுபோன ஒருவர், பயிற்சி வகுப்போ நிகழ்ச்சி நிரலோ இல்லாமல் சில நாள் தனியே தங்கி ஓய்வெடுப்பதால் பயன் உண்டா, அல்லது அது வெறும் ஊர்சுற்றலாக முடிந்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பயன் உண்டு என்பதே என் அனுபவம். ஆனால் அது தங்கியிருக்கும் நாட்களிலேயே கைக்குக் கிடைத்துவிட வேண்டும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

நான் கடலூரில் வசிக்கிறேன். அச்சகம் ஒன்றில் மெய்ப்புத் திருத்திக்கொண்டு, சிறுகதைகளும் எழுதிவருகிறேன். பிறர் எழுத்தில் ஒற்றுப்பிழை தேடித் தேடி, என் சொந்த வரியை எழுதி முடிப்பதற்குள்ளேயே அடித்துவிடும் பழக்கம் வந்து, ஒன்றரை ஆண்டாக ஒரு கதையும் முடியவில்லை. சென்ற தை மாதக் கடைசியில் ஐந்து நாள் விடுப்பு எடுத்து, 20 கிலோமீட்டருக்குச் சற்றே அதிகமான தொலைவிலுள்ள புதுச்சேரியில் ஓர் அறை எடுத்தேன். "அங்கே போய் என்னம்மா செய்யப்போறே?" என்று அம்மா கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

முதல் இரண்டு நாட்களைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் நான் திரும்பிவிட நினைத்தது அப்போதுதான். திட்டம் வேண்டாம் என்று வந்தவள், அறைக்குள் நுழைந்த ஒரு மணி நேரத்தில் காலையில் எழுத்து, பகலில் வாசிப்பு, மாலையில் நடை என்று நோட்டில் அட்டவணை போட்டுவிட்டேன். அந்தத் தாளைக் கிழித்த பிறகு தூக்கம் வந்தது. இரண்டாம் நாள் பகல் முழுவதும் தூங்கி எழுந்தபோது, வீட்டையும் வேலையையும் விட்டுவிட்டு இதற்காகவா வந்தோம் என்ற குற்றவுணர்வு நெஞ்சை அடைத்தது. அத்தகைய தூக்கத்தைத் தயவுசெய்து சோம்பல் என்று எண்ணிவிடாதீர்கள். உடம்புக்கு வெகுநாளாகத் தர வேண்டியிருந்த கடன் அது, அதைத் தீர்க்காதவரை மனம் எதையும் புதிதாகப் பார்க்க இசைவதில்லை.

மூன்றாம் நாள் விடியலில் கடற்கரைச் சாலைக்குப் போனேன். மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை அங்கே வண்டிகளை விடுவதில்லை என்பதால் நடுச்சாலையிலேயே நடக்கலாம். பழைய கடற்பாலத்தின் எஞ்சிய தூண்களில் அலை ஒவ்வொன்றாக மோதி உடைவதைப் பார்த்தபடி, ஒரு மணி நேரத்துக்கு மேல் பாறைமேல் உட்கார்ந்திருந்தேன். எழுத வேண்டும் என்ற நினைவே எழவில்லை. அன்று மாலை தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, பாதியில் விட்ட கதையில் வரும் கிழவி ஏன் வாசற்கதவைத் தாழிடுவதே இல்லை என்பது தானாகவே தெரிந்தது. ஒரு வரி எழுதினேன், அதை அடிக்கவில்லை.

இந்த ஊரையும் எழுத்தையும் சேர்த்துப் பேசினால் பாரதி நினைவுக்கு வருவது இயல்பு. 1908 முதல் 1918 வரை அவர் இங்கே இருந்தார். குயில் பாட்டும் பாஞ்சாலி சபதமும் அந்த ஆண்டுகளில் பிறந்தவை. ஆனால் பிரிட்டிஷ் அரசின் கைதுக்குத் தப்பி வந்து, வறுமைக்கும் ஒற்றர்களின் கண்காணிப்புக்கும் நடுவே வாழ்ந்த அந்த வாழ்க்கையை ஓய்வு என்று சொல்வது அவருக்குச் செய்யும் அநீதி. அத்தனை நெருக்கடியிலும் முத்தியால்பேட்டைப் பக்கத்து மாந்தோப்பில் போய் உட்கார அவருக்கு ஓர் இடம் இருந்தது என்பதை மட்டுமே நான் எனக்காக எடுத்துக்கொள்கிறேன்.

நீங்கள் போவதானால் சனி, ஞாயிறைத் தவிருங்கள். கூட்டமும் வாடகையும் அதிகம். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. மாசி மகத்தன்று வைத்திக்குப்பத்திலும் எங்கள் தேவனாம்பட்டினத்திலும் கடற்கரையே திருவிழாவாகிவிடும். அழகான நாள்தான், தனிமைக்கு ஏற்றதன்று. வீட்டாருடன் பேச இரவில் ஒரு நேரத்தை வைத்துக்கொண்டு, மற்ற நேரத்தில் கைப்பேசியை அணைத்துவிடுங்கள்.

அந்த ஐந்து நாட்களில் நான் எழுதியது ஒரே வரி. கதை பங்குனியில், வீட்டுச் சமையலறை மேசையில் முடிந்தது. புதுச்சேரியில் எழுதிய வரி அதன் இரண்டாம் பத்தியில் அப்படியே இருக்கிறது.