நாலு வருஷக் கதையை எப்போது முடிப்பது?

கேள்வி: நண்பர்கள் ஐந்து பேர் நாலு வருஷமாக ஞாயிறுதோறும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டம்) ஆடுகிறோம். கதை நடத்துவது நான். இப்போது அலுப்பாக இருக்கிறது. நிறுத்தினால் கோபித்துக்கொள்வார்களோ?
- வாசகர், காட்பாடி

பதில்: சனிக்கிழமை ராத்திரி, "நாளைக்கு யாராவது வரமுடியாதுன்னு சொல்லிட்டா தேவலையே" என்று தோன்றுகிறதா? சரி, நேரம் வந்தாச்சு. வராதவர்களை விடுங்கள், அவர்களுக்கு வேலை, கல்யாணம் என்று ஆயிரம் இருக்கும், வந்தவர்கள் போனைத் தடவிக்கொண்டே இருந்துவிட்டு, தங்கள் முறை வந்ததும் "இப்ப எதுக்கு உருட்டணும்?" என்று பகடையைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்கிறார்களா, அதைப் பாருங்கள்.

1974-இல் வெளிவந்த இந்த ஆட்டத்தில் ஜெயித்து முடிப்பது என்று ஒன்று கிடையாது, அதனால் நாம் முடித்தால்தான் உண்டு. ஐந்தாம் பதிப்பில் நம் பாத்திரம் 20-ஆம் நிலைவரை ஏறலாம்தான், அதற்காக அதுவரை இழுக்க வேண்டுமா என்ன? நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து எத்தனை ராத்திரி நடந்தாலும், போர் முடிவைக் காட்டும் படுகளத்தன்று, மண்ணால் செய்து படுக்கவைத்த அந்தப் பெரிய துரியோதனன் தொடையில் அடி விழாமல் ஊர் கலையாது. உங்கள் கதையின் துரியோதனன் யார்? அவனை நோக்கி மூன்று ஞாயிறு, கிளைக்கதையெல்லாம் வெட்டு. (என் குழு சொல்லாமல்கொள்ளாமல் நின்றுபோனது, "அந்த மந்திரவாதி என்னடா ஆனான்?" என்று ஒருவன் இன்னும் கேட்கிறான்.)

இந்த வாரமே சொல்லிவிடுங்கள். அப்புறம் ஒரு மாதம் ஆம்பூர் பிரியாணிக்கு மட்டும் கூடுங்கள், அடுத்த கதையை வேறொருவர் நடத்தட்டும்.