மொய் நோட்டை எடுத்துட்டு வரச் சொல்லுங்க

கேள்வி: சார், நான் ஒரு காலேஜ்ல சோஷியாலஜி கெஸ்ட் லெக்சரர். இந்த செமஸ்டர் பி.ஏ. எகனாமிக்ஸ் பசங்களுக்கு சோஷியாலஜி அறிமுகம்னு ஒரு பேப்பர் குடுத்துட்டாங்க. சோஷியாலஜி முன்னோடி காம்ட்ல ஆரம்பிச்சேன், மூணாவது கிளாஸ்லயே பாதி பேர் தூங்குறாங்க, ஒருத்தன் எந்திரிச்சு "இதுல டிமாண்ட் கர்வ் எங்க மேடம்"னு, விலை ஏறினா வாங்குறது குறையும்னு காட்டுற அவங்க எகனாமிக்ஸ் கோட்டைக் கேக்குறான். என்ன பண்றது?
(பேர் போட வேண்டாம், திருச்சி)

பதில்: அந்தப் பையனை விட்டுறாதீங்கம்மா, உங்களுக்கு வேண்டிய ஆளே அவன்தான். நானும் பல வருஷம் காம்ட், ஸ்பென்சர், டர்க்கைம்னு அந்த முன்னோடிங்களை சாமி படம் மாட்டுற மாதிரி வரிசையா மாட்டிக்கிட்டுதான் இருந்தேன். அப்புறம் ஒரு நாள் சும்மா தோணுச்சு, வீட்ல இருக்கிற மொய் நோட்டை எடுத்துட்டு வாங்கடான்னேன். மறுநாள் ஓரத்துல மஞ்சள் தடவுன நோட்டு ஏழெட்டு வந்துச்சு, பேர், ஊர், தொகைன்னு கோடு போட்டது.

ஒரு பொண்ணு நோட்டுல ஒருத்தர் பேருக்கு நேரா 1001. இது என்னம்மான்னேன். "வட்டியில்லாக் கடன் சார்", டக்குனு வந்துச்சு பதில். சரி, உங்கப்பா அவங்க வீட்டு விசேஷத்துக்கு எவ்ளோ வச்சாரு? 501. அப்ப ஏன் 1001? "501 பழசுக்கு, மிச்சம் புதுசு சார், அம்மா சொன்னாங்க." கரெக்டா 501 மட்டும் வச்சிருந்தா? மொத்த கிளாஸும் ஒரே குரல்ல, "கணக்கை முடிச்சுக்கிட்டாங்கன்னு அர்த்தம் சார்!"

அங்கதான் பிடிக்கணும். பேங்க்ல கடனை முழுசா அடைச்சா நல்ல பேரு, இங்க பைசா பாக்கி இல்லாம அடைச்சா உறவே அறுந்துரும். அப்ப பாக்கிதான் உறவைப் பிடிச்சு வச்சிருக்கு, இதை உங்க கடன் கணக்கு எப்படிச் சொல்லும்னு கேட்டுட்டு அஞ்சு நிமிஷம் சும்மா இருங்க, பசங்களே அடிச்சுக்குவாங்க. அதுக்கப்புறம் பிரான்ஸ்ல மார்செல் மாஸ்னு ஒருத்தர் 1925ல பரிசு குடுக்கிறது, வாங்குறது, திருப்பிக் குடுக்கிறது எல்லாமே கடமைதான்னு எழுதினார்னு சொன்னா, எவனும் தூங்க மாட்டான். புதுக்கோட்டை, பேராவூரணி பக்கத்துப் பசங்க இருந்தா இன்னும் விசேஷம், ஊரைக் கூப்பிட்டு சாப்பாடு போட்டு மொய் வாங்குற ஆடி மாச மொய் விருந்தைப் பத்தி அவங்களே ஒரு பீரியட் எடுப்பாங்க.

அடுத்த கிளாஸுக்கு இஸ்ரேல்ல ஹைஃபா ஊர் கதை. 10 டேகேர்ல, குழந்தையக் கூட்டிட்டுப் போக பேரன்ட்ஸ் லேட்டா வர்றாங்க. அதுல 6 இடத்துல, 10 நிமிஷத்துக்கு மேல லேட்டானா 10 ஷெக்கல் ஃபைன்னு போர்டு வச்சாங்க. விலை ஏறினா டிமாண்ட் குறையணும்ல? லேட்டா வர்றவங்க கிட்டத்தட்ட ரெண்டு மடங்காயிட்டாங்க! டீச்சரை உக்கார வச்சுட்டோமேங்கிற கூச்சம் போயி காசு குடுத்தாச்சுல்லங்கிற தெம்பு வந்துருச்சு, ஃபைனை நிறுத்தின பிறகும் கூச்சம் திரும்பி வரல. 2000ல இதை எழுதினவங்க ரெண்டு பேருமே எகனாமிஸ்ட், அதையும் மறக்காம சொல்லுங்க. உங்க சப்ஜெக்ட் தப்புன்னு மட்டும் ஆரம்பிச்சிராதீங்க, சண்டைதான் மிஞ்சும்.

அப்புறம் ஊருக்கு அனுப்புங்க. மெட்ராஸ் யுனிவர்சிட்டியோட முதல் எகனாமிக்ஸ் புரொபசர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916லயே மாணவர்களை கிராமத்துக்கு அனுப்பி நிலம் யார்கிட்ட, கூலி எவ்ளோ, எந்தச் சாதி எந்தத் தெருன்னு எழுத வச்சாரு, 1918ல புத்தகமாவும் வந்துச்சு. அதுல ஒரு ஊரு விழுப்புரம் பக்கம் இருவேல்பட்டு, அங்க திரும்பத் திரும்பப் போயி 2008 வரைக்கும் ஆய்வு பண்ணியிருக்காங்க. நிலத்தையும் சாதியையும் தனித்தனி டிபார்ட்மென்ட்டா பிரிக்கிற வசதி அந்தப் பசங்களுக்கு இல்ல, ஊருக்குள்ள ரெண்டும் ஒண்ணாத்தானே கிடக்கு.

கேள்வி: ஐயா, எகனாமிக்ஸ் படிக்கிறேன், படிச்சு முடிச்சு வேலை தேடணும். எனக்கு எதுக்கு சோஷியாலஜி?
(மாணவர், மதுரை)

பதில்: தம்பி, அந்த வேலையே எப்படிக் கிடைக்குதுன்னு தெரிஞ்சுக்கத்தான். மார்க் கிரானோவெட்டர்னு ஒரு அமெரிக்கர், பாஸ்டன் பக்கம் நியூட்டன் ஊர்ல வேலை மாறுன 282 பேரை எடுத்துக்கிட்டார். பாதிக்கு மேல தெரிஞ்ச ஆள் மூலமாத்தான் வேலை. தெரிஞ்ச ஆளுன்னா உயிர் நண்பன்னு நினைப்ப, இல்ல. நேர்ல பேட்டி எடுத்தவங்கள்ல, தெரிஞ்ச ஆள் மூலமா வேலை வாங்கினவங்களை மட்டும் பாத்தா, அடிக்கடி பாக்கிற ஆள் சொல்லி வேலை கிடைச்சது 100க்கு 17 பேருக்குத்தான், மத்ததெல்லாம் எப்பவோ ஒரு தடவ பாக்கிற ஆளுங்க. கூடவே சுத்துறவனுக்கு உனக்குத் தெரிஞ்சதுதானே தெரியும். இனி அடுத்த கேள்விய நீயே கேளு, அந்த மாதிரி தூரத்து ஆளுங்க யாருக்கு நிறைய இருக்காங்க, யாருக்கு இல்லவே இல்ல? உன் கிளாஸ்ல முதல் பட்டதாரி எத்தனை பேருன்னு எண்ணிப் பாத்துட்டு எனக்கு எழுது.

கேள்வி: சோஷியாலஜில நம்பரே கிடையாது, வெறும் கதைதான்னு என் ஃப்ரெண்டு கிண்டல் பண்றான்.
(வாசகி, சேலம்)

பதில்: 1897ல டர்க்கைம் தற்கொலை பத்தி எழுதின புத்தகத்தை அவர்கிட்ட நீட்டுங்க, பக்கத்துக்குப் பக்கம் டேபிள். அதுக்காக சுமார் 26,000 கேஸை வயசு, ஆணா பெண்ணா, கல்யாணம் ஆனவரான்னு உக்காந்து பிரிச்சுக் குடுத்தது வேற யாருமில்ல, மேல சொன்ன மாஸ்தான், டர்க்கைமோட அக்கா பையன். தாய்மாமன் சொல்லிட்டா தட்ட முடியுமா?