முதலில் ஓதம், அப்புறம் பெயின்ட்: வீட்டு உள்வேலைக் கேள்வி பதில்

மதுரையில் பதினேழு வருடமாக வீடுகளுக்கு உள்வேலை செய்து கொடுக்கிறேன். கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்ததில் பாதி “என்ன கலர் அடிக்கலாம்” என்பதுதான். கலரைப் பிடிக்கவில்லை என்றால் அடுத்த பொங்கலுக்கு மாற்றிக்கொள்ளலாம். சுவருக்குள் ஏறிய தண்ணீரையும் தவறாகக் கட்டிய மேடையையும் அப்படி மாற்ற முடியாது. அதனால் அந்த வகைக் கேள்விகளையே முதலில் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: வணக்கம் அக்கா. நாகப்பட்டினத்தில் எங்களுடையது தரைத்தள வீடு, கட்டி 12 வருடம் ஆகிறது. ஹால் சுவரில் தரையிலிருந்து இரண்டரை அடி வரைக்கும் பெயின்ட் உரிந்து மாவு மாதிரி கொட்டுகிறது. இரண்டு தடவை பட்டி பார்த்து அடித்துவிட்டோம். பிவிசி பேனல் போட்டு மூடிவிடலாமா?

பதில்: மூட வேண்டாம் தம்பி. கொட்டுவது உப்பு. சுவருக்குள் ஏறும் தண்ணீர் வெளியே வந்து காயும்போது, கூடக் கொண்டுவந்த உப்பை அங்கேயே விட்டுவிட்டுப் போகிறது. அந்த உப்புதான் பட்டியையும் பெயின்டையும் பின்னாலிருந்து தள்ளி உரிக்கிறது. பேனல் அடித்தால் காய வழியில்லாமல் ஈரம் இன்னும் மேலே ஏறும். நான் கழற்றிப் பார்த்த பேனல்களுக்குப் பின்னால் எல்லாம் கறுப்புப் பூஞ்சைதான் இருந்தது.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை இருந்தால் முதலில் குழாய்க் கசிவைச் சந்தேகப்படுங்கள். எல்லாச் சுவரிலும் ஏறக்குறைய ஒரே உயரத்துக்கு இருக்கிறதா? அப்படியானால் அடியிலிருந்து ஏறும் ஓதம், அதாவது மண்ணிலிருந்து சுவரேறும் ஈரம். தெளிவாகத் தெரியவில்லை என்றால், ஒன்றரை அடிச் சதுரமாக ஒரு பிளாஸ்டிக் தாளை வெட்டி, சுவரில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் சுவர்ப் பக்கம் நீர் முத்து முத்தாக நின்றால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப் பக்கம் நின்றால் அது காற்றில் இருக்கும் ஈரம். ஜன்னலைத் திறந்து வைத்துப் பழகினாலே குறையும்.

பல வீடுகளில் காரணம் வெளியே கிடக்கிறது. ரோடு உயர்ந்துவிட்டதென்று வாசலைச் சுற்றி மண் அடித்திருப்பார்கள். அந்த மண் பேஸ்மட்டத்தையும் தாண்டி உள்தரைக்குச் சமமாக நிற்கும். மண்ணை வெட்டி இறக்குங்கள். மழைத்தண்ணீர் சுவரை விட்டு விலகி ஓடும்படி வாட்டம் கொடுங்கள். அப்புறம் உள்ளே, ஈரத் தடத்துக்கு ஓரடி மேல் வரைக்கும் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, செங்கல்லில் இருக்கும் உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளேயே போய்விடும். ஒரு கோடை முழுக்கக் காயவிட்டு, சுண்ணாம்புக் காரை பூசி வெள்ளையடியுங்கள். சுண்ணாம்பு ஈரத்தை அடைத்து வைக்காது. இரண்டு மாதம் செங்கல் தெரியும் சுவரோடு இருக்க மனசு கேட்காது, தெரியும். ஆனாலும் காயவிடுங்கள்.

கேள்வி: சென்னையில் இரண்டு படுக்கையறை ஃபிளாட், ஹால் 10க்கு 14 அடி. நாங்கள் நான்கு பேர். ‘எல்’ வடிவ சோபா வாங்க ஆசை. இடம் பற்றுமா மேடம்?

பதில்: கடைக்குப் போவதற்கு முன்னால் பழைய செய்தித்தாள் கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கள். சோபாவின் நீள அகலம் கடையின் அளவுச் சீட்டில் இருக்கும். அதே அளவுக்குத் தாள்களைத் தரையில் விரித்து ஓரங்களை ஒட்டிவிட்டு, இரண்டு நாள் அதை மிதிக்காமல் நடங்கள். போன வருடம் ஒரு வீட்டில் இப்படி விரித்துவிட்டு வந்தேன். அந்த அம்மா காலையில் துணிக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு பால்கனிக்குப் போகும்போது மூன்று தடவை தாளை மிதித்திருக்கிறார். அன்று மாலையே “இந்த சோபா வேண்டாம்” என்று போன் செய்துவிட்டார்.

நடக்கிற வழி எங்கேயும் இரண்டரை அடிக்குக் குறையக் கூடாது. உங்கள் ஹாலுக்கு ஆறரை அடிக்குள் மூன்று பேர் உட்காரும் சோபா ஒன்று போதும். ஜன்னலை ஒட்டி 18 அங்குல அகலம், 17 அங்குல உயரத்தில் மூடி வைத்த பெஞ்சு ஒன்று செய்யுங்கள். உள்ளே போர்வை, விருந்தாளி வந்தால் போடும் தலையணை எல்லாம் போய்விடும். மேலே ஒரு பவானி ஜமுக்காளத்தை மடித்துப் போட்டால் அந்தச் சிவப்பும் பச்சையுமான பட்டைகளே ஹாலுக்குக் கலர் கொடுத்துவிடும். திண்ணையில் உட்கார்ந்து பழகிய ஜனங்கள் நாம். வருகிறவர்கள் சோபாவை விட்டுவிட்டு அங்கேதான் உட்காருவார்கள்.

கேள்வி: என் உயரம் 5 அடி. புது வீட்டில் சமையல் மேடை 34 அங்குலம்தான் ஸ்டாண்டர்டு என்கிறார் கான்ட்ராக்டர். சரியா?

பதில்: சமைக்கப் போவது நீங்கள்தானே? உங்கள் கைதான் அளவு. வீட்டுக்குள் செருப்புப் போடுவீர்கள் என்றால் போட்டுக்கொண்டு நேராக நின்று முழங்கையை மடக்குங்கள். முழங்கையிலிருந்து 4 முதல் 6 அங்குலம் கீழே மேடையின் மேல்பரப்பு இருக்க வேண்டும். உங்கள் உயரத்துக்கு 32 அங்குலம் பக்கத்தில் வரும். கிரானைட் போட்ட பிறகு வரும் உயரத்தைச் சொல்கிறேன். கல்லும் அதற்கு அடியில் போடும் கலவையும் சேர்ந்து ஒன்றரை அங்குலம் ஏறிவிடும், கொத்தனாரிடம் இதை முன்பே சொல்லிவிடுங்கள். கேஸ் அடுப்பு மேடைக்கு மேல் இன்னும் 4 அங்குலமாவது எழும்பி நிற்கும். மேடை உயரமாகிவிட்டால் குழம்புச் சட்டியைக் கிண்டும்போது தோள் தூக்கியே இருக்கும். வலி வருவது அங்கிருந்துதான். கிரைண்டருக்கு ஆறேழு அங்குலம் தாழ்வாகத் தனி மேடை கட்டிக்கொண்டால் மாவை வழிப்பதும் சுலபம்.

கேள்வி: கிச்சன் கப்போர்டுக்கு மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கினோம். ஒருவர் 710 என்கிறார், ஒருவர் எம்ஆர் என்கிறார், மூன்றாமவர் பார்ட்டிக்கிள் போர்டு போதும் என்கிறார். விலையோ எங்கேயோ இருக்கிறது.

பதில்: 710 என்பது கொதிநீரையும் தாங்கும் பசை போட்ட பிளைவுட்டுக்கான இந்தியத் தர எண். எம்ஆர், அதாவது 303 தரத்தில் வருவது, காற்றின் ஈரத்தைத் தாங்கும். நின்ற தண்ணீரைத் தாங்காது. சிங்க்குக்குக் கீழேயும் அதன் இரு பக்கமும் 710 போடுங்கள். படுக்கையறை அலமாரிக்கு எம்ஆர் தாராளம். எல்லா இடத்துக்கும் 710 போட்டுத்தான் ஆக வேண்டும் என்று யாராவது சொன்னால் அந்தச் செலவு தேவையில்லை. பார்ட்டிக்கிள் போர்டு மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை, அதைத் தண்ணீர் புழங்கும் இடத்துப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வீட்டில் சிங்க் அடியில் போட்டேன். வேஸ்ட் குழாயில் சொட்டுச் சொட்டாகக் கசிவு. ஆறே மாதத்தில் அடிப்பலகை ஊறின பிஸ்கட் மாதிரி உப்பி, கதவு மூடவில்லை. என் செலவில் முழுதாக மாற்றிக் கொடுத்தேன். அந்த வீட்டம்மாவின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது.

பலகை வந்து இறங்கும்போது நீங்கள் அங்கே இருங்கள். ஐஎஸ்ஐ முத்திரையும் உரிம எண்ணும் ஒவ்வொரு பலகையிலும் அச்சடித்திருக்க வேண்டும். ஆசாரி அறுத்ததும் வெட்டு விளிம்பைப் பாருங்கள். அடுக்குகளுக்கு நடுவில் ஓட்டை தெரிந்தால் திருப்பி அனுப்புங்கள். அறுத்த விளிம்பு எதையும் மூடாமல் விடக் கூடாது. தண்ணீரும் கரையானும் அந்த வழியாகத்தான் உள்ளே போகும்.

கேள்வி: வேலூர். மேல்மாடி, மேற்குப் பார்த்த படுக்கையறை. ஃபால்ஸ் சீலிங் போட்டால் சூடு குறையும் என்கிறார்களே?

பதில்: வெறும் ஜிப்சம் பலகை கொஞ்சம்தான் தடுக்கும். உங்கள் கூரை 10 அடிக்குக் குறைவு என்றால் ஃபேனும் தாழ்ந்துவிடும். வேலூர் வெயிலில் கான்கிரீட் பகலெல்லாம் சூட்டைக் குடித்து இரவெல்லாம் உள்ளே கக்கும். இரவு 9 மணிக்கு மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், தெரியும். ஆகவே வெளியிலேயே தடுக்க வேண்டும். மொட்டை மாடிக்கு வெள்ளைக் கூலிங் பெயின்டோ வெள்ளை டைலோ போடுங்கள். ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டியோ வெட்டிவேர்த் தட்டியோ கட்டுங்கள். உள்ளே எவ்வளவு தடித்த திரை போட்டாலும் வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது, இல்லையா?

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கிறோம். புதுக்கோட்டை பக்கம் சொந்த ஊரில் வீடு கட்டுகிறோம். ஆத்தங்குடிக் கல் போட ஆசை. கறை பிடிக்கும், வேண்டாம் என்று பயமுறுத்துகிறார்கள்.

பதில்: போடுங்கள். எனக்கு ரொம்பப் பிடித்த தரை. ஊருக்கு வரும்போது காரைக்குடி பக்கத்தில் ஆத்தங்குடிக்கே போய் ஒரு பட்டறையில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். கண்ணாடித் துண்டின் மேல் சட்டம் வைத்து, அதற்குள் பூ வடிவ அச்சை இறக்கி, ஒவ்வொரு அறையிலும் கலர் சிமென்டுக் கரைசலைக் கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கினால் கலரும் கலரும் சேரும் இடம் கைக்கோடு போல லேசாக நெளியும். அதன்மேல் உலர்ந்த மணலும் சிமென்டும் தூவி, கலவை போட்டு மட்டம் தட்டுவார்கள். சூளையே கிடையாது. உலரவைத்து, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து, மறுபடி காயவைப்பதுதான். கண்ணாடியை விட்டுப் பிரிந்து வரும் அந்த முகம்தான் உங்கள் தரையின் மினுமினுப்பு.

கறை பிடிக்கும் என்பதும் உண்மைதான். இது சிமென்டு, புளிப்பு ஆகாது. புளித்தண்ணீரோ எலுமிச்சைச் சாறோ கொட்டிக் கிடந்தால் தடம் விழும். ஆசிட் ஒரு சொட்டுகூடக் கூடாது. எனவே சமையலறைக்கும் குளியலறைக்கும் வேண்டாம். ஹால், பூஜையறை, வளவு (வீட்டு நடுவில் இருக்கும் முற்றப் பகுதி) இவற்றுக்குப் போடுங்கள். மெஷின் பாலிஷ் போடுகிறேன் என்று யாராவது வந்தால் அனுமதிக்காதீர்கள். கலர் மேலே மெல்லிய அடுக்கு மட்டும்தான், தேய்த்தால் போய்விடும். பதித்து முடித்ததும் உமி போட்டுத் தேய்த்து, தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைப்பார்கள். பிறகு ஈரத்துணியும் நடமாட்டமும் போதும், வருடம் ஆக ஆக மெருகு ஏறும். தேவைக்கு மேல் நூற்றுக்குப் பத்து கல் சேர்த்து வாங்கி வையுங்கள். அடுத்த தடவை கலக்கும் கலர் இதே மாதிரி வராது. சாதா டைலைவிட இது தடிமன். நிலைக்கதவு மாட்டுவதற்கு முன்பே தரைமட்டத்தை முடிவு செய்யச் சொல்லுங்கள்.

கேள்வி: வாடகை வீடு. ஆணி அடிக்க ஓனர் விடமாட்டார். எப்படி அழகுபடுத்துவது?

பதில்: விளக்கையும் துணியையும் மாற்றுங்கள். படுக்கையறையிலும் ஹாலிலும் 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு, பெட்டியில் இருக்கும்) வெள்ளை பல்பு இருந்தால் எடுத்துவிட்டு மஞ்சள் சாயலான 3000 போடுங்கள்; அதே சுவர், அதே நாற்காலி, மாலையில் வேறு வீடு மாதிரி இருக்கும். சமையலறைக்கு 4000 சரியாக வரும். திரைச்சீலை வாங்கும்போது கம்பியின் நீளத்தைப் போல இரண்டு மடங்கு துணி எடுங்கள். குறைத்தால் போர்வையைத் தொங்கவிட்ட மாதிரி இருக்கும். படங்களை ஆணியில் மாட்டாமல் அலமாரியின் மேல் சுவரோடு சாய்த்து வையுங்கள். தஞ்சாவூர் ஓவியம் இருந்தால் மட்டும் ஈரச்சுவரில் சாய்க்காதீர்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது. எங்களோடு வந்து இருக்கப் போகிறார். அவர் அறையை நல்லபடியாக அமைத்துக் கொடுக்க வேண்டும். வால்பேப்பர் ஒட்டலாமா என்று யோசிக்கிறோம்.

பதில்: வால்பேப்பர் ஒட்டுங்கள், அவருக்குப் பிடித்ததை அவரையே கேட்டு. ஆனால் அந்தப் பணத்தில் பாதியை முதலில் குளியலறையில் போடுங்கள். வழவழ டைல் இருந்தால் சொரசொரப்பானதாக மாற்றுங்கள். கழிப்பறைக்குப் பக்கத்திலும் குளிக்கும் இடத்திலும் கைப்பிடிக் கம்பியைச் செங்கல்லுக்குள் ஆழமாகத் துளை போட்டுப் பொருத்துங்கள். விழப்போகிறவர் கைக்குக் கிடைத்ததைப் பிடிப்பார். டவல் கம்பி அவர் எடையோடு பெயர்ந்து வந்துவிடும். கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக்கொண்டு கிடந்தால் உங்களால் தள்ளித் திறக்க முடியாது. வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய தாழ்ப்பாளாக வாங்குங்கள்.

கட்டிலில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதிய வேண்டும். கட்டிலிலிருந்து குளியலறை வரைக்கும் இரவில் எரியும் சின்ன விளக்கு, வழியில் கால்மிதி எதுவும் இல்லாமல். எங்கள் மாமா தடுக்கி விழுந்தது வாசல்படியில் இல்லை, படுக்கைக்குப் பக்கத்தில் கிடந்த அழகான ஒரு கால்மிதியில்.

கேள்வி: அக்கா, நான் பத்தாம் வகுப்பு படிக்கிறேன். எங்கள் வீட்டில் ஒரே ஹால், ஒரே ரூம். எனக்கென்று படிக்க ஒரு மூலை வேண்டும். நிறையச் செலவு செய்ய முடியாது.

பதில்: உன் கேள்வியைத்தான் முதலில் படித்தேன் கண்ணு. மூன்றடிக்கு இரண்டடி இடம் போதும். டிவிக்கு முதுகு காட்டுகிற மூலையாகப் பார். சுவரில் கீல் வைத்து மடக்குகிற பலகை ஒன்று, தரையிலிருந்து 29 அங்குலத்தில். படித்து முடித்ததும் மடக்கிவிட்டால் ராத்திரி பாய் விரிக்க இடம் கிடைக்கும். பக்கத்து ஆசாரியிடம் பழைய கதவுப் பலகை இருக்கிறதா என்று அப்பாவைக் கேட்கச் சொல், செலவு இன்னும் குறையும். புத்தகத்துக்குத் தலைக்கு மேலே ஒரு தட்டு. பக்கத்தில் பிளக் பாயின்ட் இருக்கிற மூலை என்றால் ஒரு மேசை விளக்கு. எழுதும் கையின் நிழல் நோட்டில் விழாமல் இருக்க விளக்கை இடப்பக்கம் வை. நீ எந்தக் கை என்று எழுதவில்லையே? இடக்கை என்றால் விளக்கு வலப்பக்கம்.